ஏழு தாத்தா குழுவில் நான் போட்ட காணொளி

என் பெயர் சைக்கால் எசென்பெகோவா. வயது 43. நாரின் மாகாணம், அக்-தெரெக் கிராமம், மேலத் தெருவில் குடியிருக்கிறேன். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறேன். கணவரைப் பிரிந்து பன்னிரண்டு வருடமாகிறது. இன்று 11.12.2023 திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மாவட்டக் காவல் துறை சிறுவர் பிரிவு ஆய்வாளர் ரக்கியா அசனோவா அவர்கள் விசாரிக்க, யாருடைய மிரட்டலும் இல்லாமல் சொல்வதாவது.

என் தம்பி கெங்கேஷும் அவன் மனைவியும் மூன்று வருடமாக ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிறார்கள். அவர்களுடைய ஒரே மகள் பெர்மெத், வயது 10, என்னிடம் வளர்கிறாள். ஞாயிறுதோறும் மதியம் தம்பி போனில் முகம் காட்டிப் பேசுவான். 12.11.2023 ஞாயிறன்று பேசும்போது பெர்மெத் அழுதுகொண்டே தன் அப்பாவிடம் ஒன்று கேட்டாள். நான் தையல் மெஷினை விட்டு எழுந்து, என்னுடைய இன்னொரு போனில் அதைப் படம் பிடித்தேன். நாற்பது விநாடி இருக்கும். அவளை அணைத்துக்கொள்வதற்கு முன் படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன். இதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு அந்தக் காணொளியை எங்கள் வம்சத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஏழு தலைமுறைத் தாத்தா வரை எண்ணி ஒரே வம்சமாக வருகிறவர்கள் அதில் இருக்கிறார்கள், மொத்தம் 286 பேர். எங்களுக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை, எல்லோரும் அண்ணன் தங்கை முறை. அதனால் அதில் போடுவது வெளியே போடுவதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குள் சொல்வதுபோல்தான் நினைத்தேன்.

அதன் பிறகு இதயக் குறிகளும் கண்ணீர் முகங்களுமாகக் குழுவில் வந்து குவிந்தன. என் பெயரைக்கூடச் சொல்லாத பெரியவர்கள், "சைக்காலுக்குத் தங்க மனசும்மா" என்று எழுதினார்கள். பெர்மெத் அன்று மாலையே என்னிடம், "அத்தே, அத அழிச்சிடு" என்றாள். நான், "ஏண்டி, எல்லாம் நம்ம ஆளுங்கதானே, உன்னயென்ன முழுங்கிடுவாங்களா?" என்றேன். அழிக்கவில்லை.

அதன் பிறகு 18.11.2023 சனிக்கிழமை பெர்மெத்தைக் கூட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டு விருந்துக்குப் போனேன். வாழாவெட்டியாகத் திரும்பி வந்த நாளிலிருந்து எனக்கு வாசற்கதவோரம்தான் இடம், தேநீர் ஊற்றுகிற இடம். அன்று சித்தப்பா, "சைக்கால், அங்க ஏன் குளிர்ல உக்காந்திருக்க? மேல வா" என்று மரியாதைக்குரியவர்கள் உட்காரும் உள்பக்கத்துக்குக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. பெர்மெத்தை எல்லோரும் சூழ்ந்துகொண்டு, "அப்பாகிட்ட அழுதியே, அதே மாதிரி ஒருவாட்டி சொல்லிக் காட்டுடி செல்லம்" என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான், "சொல்லேன், வெக்கமா?" என்றேன். அவள் எழுந்து போய் வெளியே மாட்டியிருந்த கோட்டுகளுக்குள் நின்றுகொண்டாள்.

மறுநாள் ஞாயிறு தம்பி அழைத்தபோது நான் பழையபடி இன்னொரு போனை எடுத்தேன். பெர்மெத் அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். தம்பி, "லைன் சரியில்லையா அக்கா? பாப்பா, கேக்குதா? பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து இன்றோடு இருபத்திரண்டு நாட்களாக அவள் அப்பாவிடம் பேசவில்லை. போன் மணி அடித்தால் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறாள்.

அதன் பிறகு தலைநகர் பிஷ்கெக்கில் படிக்கும் உறவுக்காரப் பையன் தாலாய், வயது 19, அவள் அழுகிற முகத்தை மட்டும் வெட்டி ஸ்டிக்கர் செய்திருப்பது தெரிந்தது. அவனைப் போனில் திட்டினேன். அவன், "அக்கா, போட்டது நீங்க, ஒட்டினது நான். ரெண்டாயிரம் பேர்கிட்ட போயாச்சு, இப்ப வந்து கத்துறீங்க?" என்றான். பள்ளியில் பிள்ளைகள் கையைக் காதில் வைத்துப் போன் பேசுவதுபோல் நடித்து அவளிடம் அழுதுகாட்டுகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. உடனே குழுவில், "தயவுசெய்து எல்லோரும் அதை அழித்துவிடுங்கள்" என்று எழுதினேன். நாற்பத்தொரு பேர் அந்த ஸ்டிக்கரையே பதிலாகப் போட்டார்கள். சித்தப்பாவும் போட்டார்.

இன்று மதியம் ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டபோது, பெர்மெத் எதையாவது திருடி மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். வழியெல்லாம் அவளை வைதுகொண்டே வந்தேன். வந்த பிறகு, அவளே பள்ளியிலிருந்து தனியாக நடந்து வந்து மனு கொடுத்திருப்பதை ஆய்வாளர் காட்டினார். நோட்டிலிருந்து கிழித்த தாள். "நான் அழுதது எல்லார் போன்லயும் இருக்கு. திருப்பி வாங்கிக் குடுங்க" என்று எழுதியிருந்தாள். யார்மேல் புகார் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக, தகப்பனார் பெயரோடு எழுதியிருந்தாள். ஆய்வாளர் அவள் முன்னாலேயே என்னிடம், "படம் புடிக்கறதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட கேட்டீங்களா?" என்றார். "பத்து வயசுப் பிள்ளைகிட்ட என்னத்தக் கேக்குறது?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. நான் வெட்கப்படுகிறேன்.

அதன் பிறகு சாட்சியமாகக் காணொளியைக் கேட்பார்கள் என்று நானே போனைத் திறந்து மேசையில் வைத்தேன். பெர்மெத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆய்வாளர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பெர்மெத், இத நான் பாக்கலாமா?" என்று கேட்டார். தன்னைத்தான் கேட்கிறார் என்பது அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "வேணாம்" என்றாள். ஆய்வாளர் பார்க்கவில்லை. வெளியே போனவற்றில் எத்தனையைத் தடுக்க முடியும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் முயற்சி எடுப்பேன் என்று அவளிடமே சொன்னார்.

இந்த வாக்குமூலம் பெர்மெத் முன்னிலையில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அவள் அப்பாவிடம் என்ன கேட்டாள் என்பதை நான் விசாரணையில் சொல்லியிருந்தேன், ஆய்வாளரும் எழுதியிருந்தார். அந்த வரி வேண்டாம் என்று பெர்மெத் சொன்னதால் அது அடிக்கப்பட்டது. ஓரத்தில் என் கையெழுத்து இட்டிருக்கிறேன். மற்றவை இருக்கட்டும் என்றாள்.

மேலே உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடி நான் சொன்னது. அடிக்கப்பட்ட வரியும் உண்மைதான். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

(ஒப்பம்) சை. எசென்பெகோவா