இரண்டாவது பூச்சு

காபிக்கு நன்றி, மேடம். எங்கள் மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை வேண்டாம் என்பார்கள். மூன்றாவது முறை கேட்டால்தான் கை நீட்டுவார்கள். விசாரணை அறையில் அவ்வளவு உபசாரம் எதிர்பார்க்கக் கூடாது என்று உடனே வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் சுவாசக் கருவிகளின் மின்பலகைக்குப் பூச்சு அடிப்பது என் வேலை. பலகையிலுள்ள சில்லுகளின் கால்களில் வெள்ளீயம் பூசியிருக்கும். வெள்ளீயத்துக்கு ஒரு கெட்ட புத்தி. சும்மா இருக்கும்போதே அதிலிருந்து மீசை முளைக்கும், தலைமுடியைவிட மெல்லிசாக. அது வளர்ந்து பக்கத்துக் காலைத் தொட்டால் கருவி நின்றுவிடும். பூச்சு தடிமனாக இருந்தால் மீசை உள்ளேயே மடங்கிக் கிடக்கும். அதனால்தான் இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் காயவிட வேண்டும்.

மே மாதம் ஏரிகளில் மீன்பிடிப் பருவம் தொடங்கும் வார இறுதியில் எங்கள் ஊரில் யாரையும் வேலைக்கு நிறுத்திவைப்பது மனிதத்தன்மை இல்லை. ஒரு வருடம் சரக்கு வெள்ளிக்கிழமையே போயாக வேண்டியிருந்தது. எல்லோருடைய முகமும் வாடிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே பூச்சோடு நிறுத்தினேன். பூச்சைச் சோதிக்கும் ஊதா விளக்கில் இரண்டு பூச்சு போலவே ஒளிர வேண்டுமே என்று, பூச்சில் சேர்க்கும் ஒளிரும் சாயத்தைக் கூட்டிக் கலந்தேன். தடிமன் அளக்கும் சோதனைத் தகட்டை முந்தைய சரக்கிலிருந்து எடுத்து வைத்தேன்.

விளக்கு பிடித்துப் பார்ப்பவள் ஆர்லிஸ். பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதி.

"ஹார்லன், இது கொஞ்சம் வேற மாதிரி இருக்கே?"

எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாக யாரும் யாரையும் திட்டியதில்லை.

"விளக்கு அப்படிக் காட்டுது. நீ கிளம்பு. வெர்லின் படகைக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறான், பாரு."

அவள் புருஷன் ஹாரன் அடித்தான். அவள் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். ஒரு புகாரும் வரவில்லை. அதன்பின் அதுவே வழக்கமாயிற்று.

சில வருடங்களில் வெர்லினுக்கு நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரியில் எங்கள் கருவியையே கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "நம்ம கையால செஞ்சது" என்று ஆர்லிஸ் பெருமையாகச் சொன்னாள். பின்புறத்து எண்ணைப் பார்த்ததுமே அது ஒரே பூச்சு அடித்த சரக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் போய் அவர்களை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும்?

ஒரு மதியத் தூக்கத்தில் வெர்லின் போய்விட்டான். எச்சரிக்கை மணியும் அதே பலகையில்தான் இருக்கிறது, அது அடிக்கவில்லை. திரும்பி வந்த கருவியை நானே கேட்டு வாங்கித் திறந்தேன். இரண்டு கால்களுக்கு நடுவே மீசை பளபளத்தது. பல் பிரஷால் மெதுவாகத் துடைத்தேன். பிறகு கருவி அருமையாக ஓடியது. கோளாறு எதுவும் இல்லை என்று கம்பெனி ஆர்லிஸுக்குச் சொல்லிவிட்டது.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுடும் ஹாட்டிஷ் ஒரு பாத்திரம் செய்து எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன்.

"கருவியில ஒண்ணுமில்லையாம், ஹார்லன். அப்போ தரை சுத்தம் பண்றப்ப நான்தான் வயரை இழுத்துட்டேனோ?"

"அதெல்லாம் நினைக்காத. ஆறிடும், சாப்பிடு."

வாசல் வரை வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிஜமாச் சொல்லு. நான்தானே கொன்னேன்?"

"குளிருது ஆர்லிஸ், உள்ள போ."

அன்றிலிருந்து அவள் வெர்லின் படுத்திருந்த அறைக்குள் போவதே இல்லையாம். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள், மேடம். அவள் இரண்டு முறைதான் கேட்டாள். மூன்றாவது முறை கேட்டிருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன்.