நாற்பத்தேழாம் எண் துணி

கோட்டுக்குள் வண்ணம் அடிக்க மனிதர்களால் முடியாது. அதில் குற்றமில்லை. என் அம்மாவுக்கு உதட்டுச்சாயமே உதட்டில் நிற்காது.

வடக்கு பிலடெல்பியாவில் சுவரோவியம் போடுவது இப்படித்தான். படத்தைத் துணித் துண்டுகளில் கோடாக வரைந்து, எங்கே எந்த வண்ணம் என்று எண் போட்டுவிடுவேன். தெருவே சமூகக்கூடத்தில் கூடி அடிக்கும். பிறகு துணிகளைச் சுவரில் ஒட்டுவோம். விசாரணைக் குழு என்று எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்: அவர்கள் அடித்த அறுபது துணிகளில் ஒன்றுகூடச் சுவருக்குப் போகவில்லை. அத்தனையையும் நானே புதிதாக வரைந்தேன். அவர்களுடையதைக் குப்பையில் போட்டேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அங்கே பேராசிரியர் எங்கள் தெருச் சுவர்களைத் திரையில் காட்டி, "எவ்வளவு மனசோட போட்டிருக்காங்க பாருங்க" என்றார். வகுப்பே கனிவாகச் சிரித்தது. ஏளனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், கனிவைப் பொறுக்க முடியாது.

திறப்பு விழாவில் ஆளாளுக்குத் தங்கள் துண்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முடிவெட்டும் எக்தோர் ஒரு சேவலின் வாலைக் காட்டினார். "பாத்தியா என் கைய. பொறவிக் கலைஞன்டி நான்."

"வீட்டுக் கதவுக்கு அடின்னா மட்டும் அந்தக் கை வராது" என்றாள் அவர் மனைவி.

யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

எர்மீனியாம்மா மட்டும் நகரவில்லை. இருபது வருடத்துக்கு முன் அந்தத் தெருமுனையில் குண்டுபட்டுச் செத்த அவருடைய மகன் எப்ராயின்தான் படத்தின் நடுவில் நிற்கிறான். அவனுடைய இடது கண், நாற்பத்தேழாம் எண் துணி, அவர் அடித்தது.

"இது நான் போட்ட கண்ணு இல்லம்மா. எம்புள்ளைக்கு அது மூக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கும். கோட்ட மீறி, அப்படியேதான் போட்டேன்."

"பசை காயும்போது துணி இழுத்துக்கும்மா" என்றேன். " ஆனா அவனுக்கு மாறுகண்ணா? போட்டோல நேராத்தானே இருந்துச்சு?"

"நேராவா?"

"உங்களுக்கு வயசாகுதுல்ல."

அவர் வீடு எரிந்தபோது மிஞ்சிய, மகனுடைய ஒரே புகைப்படம் அது. மாதிரிக்கென்று நான் வாங்கியிருந்தேன். ஏழு வாரம் அதைத் திருப்பிக் கேட்டார், வாராவாரம், கூடவே ஒரு தூக்கில் எனக்குப் பன்றிக்கறியும் சோறும். தேடுகிறேன் என்றேன். சோறு நன்றாக இருக்கும். எட்டாம் வாரம் அவர் கேட்கவில்லை.

இப்போது பக்கத்துவீட்டாரைக் கூட்டிவந்து காட்டுகிறார். "கண்ணப் பாருங்க, அம்பு மாதிரி நேரா. பெத்தவ நானே தப்பா ஞாபகம் வச்சிருந்தேன் பாருங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

அந்தப் புகைப்படத்தை எரித்துவிட்டேன். அதில் அவன் கண் மூக்குப் பக்கம்தான் ஒதுங்கியிருந்தது.

இதையெல்லாம் அவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறீர்கள். தாராளமாகப் போய்ச் சொல்லுங்கள். ஆனால் பெற்ற பிள்ளையை அவரிடமிருந்து இரண்டாம் முறை பறித்த பாவம் உங்களுடையது, என்னை அதில் சேர்க்காதீர்கள்.