வடக்கு ஜன்னலுக்கு மறைப்பு

இல்லீங்க தம்பி, கயித்த இழுத்தா ஏறுது, உட்டா எறங்குது, அதுல கொறை ஒன்னுமில்ல. இந்த ஜன்னல் மறைப்புல நடுவால ரண்டு பட்டை மடங்கிப்போச்சு, அதுக்குத்தான் கூப்புட்டேன். செருப்போடயே வாங்க, பரவால்ல. முன்னால கதவு தொறந்தே இருக்கட்டும். பொறவாசலுக்கு மட்டும் தாப்பாள் போட்டுட்டு வந்தர்றேன். எங்கூட்டுக்காரரு அந்தப் பக்கமாத்தான் வருவாரு. வந்தா தட்டட்டும்.

இத மாட்டுனது நீங்கதானுங்களே? முகிலன்னு கார்டுல பேரு பாத்துத்தான் போன் பண்ணுனேன். அன்னைக்கு நான் பல்லடத்துல ஊட்டுச் சாமான் கட்டிட்டு இருந்தேன், அதனால கேக்கறேன். எங்கூட்டுக்காரரு என்னன்னு சொல்லி மாட்டச் சொன்னாரு உங்ககிட்ட?

வெயிலுக்குன்னா? வடக்கு பாத்த ஜன்னலுங்க தம்பி இது. காலையில வெயிலும் வராது, பொழுதோட வெயிலும் வராது. அக்கட்ட மேக்க பாத்த ரூம்பு இருக்குது, மத்தியானத்துக்கு மேல கட்டலு மேலயே வெயில் உழுகுது, அதுக்கு ஒரு பழைய வேட்டியக்கூடக் கட்டல. நீங்களும் கேக்கலைங்களா? செரி, நீங்க எதுக்குக் கேக்கப்போறீங்க. மாட்டச் சொன்னா மாட்டறது உங்க வேலை.

தொடைக்கறது நான்தானுங்க. பட்டையெல்லாம் மூடி வெச்சு, காஞ்ச துணியில மேலருந்து கீழ வழிச்சுட்டு வரோணும், அப்பறம் குச்சியத் திருகி மறுபக்கமும் அதே மாதிரி. தண்ணி ஊத்தப்படாது, அழுத்தப்படாது. நீங்க சொன்னதாத்தான் அவரு சொன்னாரு. எங்க பனியன் கம்பெனியிலருந்து வேஸ்ட் துணி கொண்டாந்து கையில சுத்திக்கிட்டு ரண்டு நாளைக்கு ஒருக்கா தொடைப்பேன். அருள்புரத்துல பஞ்சுத்தூசி அப்பிடிங்க, சாயங்காலம் பாத்தா பட்டை மேல பூனை முடி மாதிரி படிஞ்சிருக்கும். அப்பிடித் தொடைக்கறப்பத்தான் பாத்தேன். எல்லாப் பட்டையிலும் தூசி இருக்குது, இந்த ரண்டுல மட்டும் நடுவுல இல்ல. வெரல உட்டு வெலக்குன தடம். நான் அவ்வளவு ஒசரமில்லீங்க. அந்த எடம் எங்கூட்டுக்காரரு நின்னா அவரு கண்ணுக்கு நேரா வரும்.

அதுக்கு முன்னாலயே எனக்கு மனசுல ஒன்னு அரிச்சுட்டுத்தான் இருந்துச்சு. பல்லடத்துல எங்களுக்குச் சொந்த ஊடு இருக்குது. தோட்டம், கெணறு, கார் நிறுத்தறதுக்கு எடம், எல்லாம் இருக்குது. ஒரு நாளு சாப்புட்டுட்டு இருக்கறப்ப சொல்றாரு, ஆர்டர் எச்சா இருக்குது, கம்பெனிக்குப் பக்கத்துல ரண்டாவது மாடியில ஊடு ஒன்னு வாடகைக்குப் புடுச்சிருக்கறேன், கொஞ்ச நாளைக்கு அங்க இருந்துக்கலாம்னு. பல்லடத்துலருந்து இங்க வரக் கால் மணி நேரம் ஆகுமுங்களா? இருவது வருசமா போய்ட்டு வந்த மனுசன். செரி, வந்தோம். வந்தா கார கம்பெனியிலயே உட்டுட்டு, பின்னால சந்து வழியா நடந்து வாராரு. முன்வாசப்பக்கம் தலையே காட்டறதில்ல. என்னையும் முன்னால துணி காயப்போட வேண்டாம்னுட்டாரு. தெருவுல தூசின்னாரு. பொறவாசல்ல மட்டும் தூசி இல்லியாமா.

தெனமும் நாலு மணிக்கு வருவாரு. காப்பி கொண்டாந்து குடுத்தா, நீ போயி உன் வேலையப் பாரும்பாரு. நின்னுட்டேதான் குடிப்பாரு. குச்சியத் திருகிப் பட்டைய வெளிய பாத்துச் சாச்சு வெச்சுக்குவாரு. அப்பிடி வெச்சா மேலருந்து கீழ நல்லாத் தெரியும், கீழருந்து அண்ணாந்து பாத்தா நம்மூட்டுச் சீலிங்தான் தெரியும்ங்கறதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே? நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கறீங்க.

சிரிக்காதீங்க தம்பி. எங்கூட்டுக்காரருக்கு அம்பத்தெட்டு வயசு. ஈஸ்வரமூர்த்தி அண்ணன்னா கம்பெனியில புள்ளைங்க நிமுந்து பாக்காதுங்க, அப்பிடிப்பட்ட மனுசன். ஆனாலும் பொம்பள மனசு என்ன நெனைக்கும்? அதத்தான் நெனச்சேன். ஒரு நாளு அவரு வராத நேரமா, நீங்க நிக்கறீங்களே அந்த ஸ்டூலப் போட்டு ஏறி, அவரு பாக்கற எடத்துல கண்ண வெச்சுப் பாத்தேன்.

எதுத்தாப்ல முதல் மாடி வராண்டா தெரிஞ்சுது. நைட்டி போட்டுட்டு ஒரு பொம்பள, நமக்கு முதுகக் காட்டி உக்காந்துட்டு இருக்கறா. இதுக்குத்தானா சொந்த ஊட்ட உட்டுப்போட்டு வந்தீங்கன்னு மனசுக்குள்ளயே அவரப் புடுச்சுப் பேசிட்டு இருக்கறேன். அப்பறம் பாத்தா அவ மடியில ஒரு கொழந்த. வாயத் தொடைக்கறதுக்குன்னு அதத் தூக்கிட்டு இக்கட்ட திரும்புனா.

எங்க அனுப்பிரியாங்க. எம் பொண்ணு.

பட்டையப் புடுச்சுக்கோங்க, உழுந்துரப் போகுது.

ஆமாங்க, நீங்க காலையில டேப்பு புடுச்சு அளந்துட்டு இருந்தீங்களே, அந்த ஊடுதான். அதப் பாத்துட்டுத்தான் உங்களக் கூப்புட்டதே. பட்டை மடங்கி ஒரு மாசமாகுது.

மூணு வருசமாச்சுங்க. கம்பெனியில துணி வெட்டற கட்டிங்ல இருந்த பையன், ராபின்னு பேரு, தூத்துக்குடிப் பக்கம். நீங்களும் அந்தப் பக்கந்தானுங்களே, பேச்சுலயே தெரியுது. ஒரு நாளு ரண்டு பேரும் போயி ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க. எங்கூட்டுக்காரரு அவளுக்குத் தலை முழுகுனாரு. பேரச் சொன்னா நீயும் அவகூடவே போயிருன்னாரு. அவரு அண்ணன் பையன் சதீஷ்குமாரு நாலு பேரக் கூட்டிட்டு வந்து, சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்னு நின்னான். அன்னைக்கு இவரு வேண்டாம்னும் சொல்லல, செரின்னும் சொல்லல. எந்திரிச்சு உள்ள போயிட்டாரு.

அதனால ஸ்டூல்ல நின்னவளுக்குச் சந்தோசமெல்லாம் வல்லீங்க. பயந்தான் வந்துச்சு. மூணு வருசங் கழிச்சு, சொல்லாமக் கொள்ளாம, எதுத்தாப்லயே ஊடு புடுச்சு, வெளிய தெரியாம மறைப்புப் போட்டு ஒரு மனுசன் பாத்துட்டு நிக்கறாருன்னா என்னன்னு நெனைக்கறது? இப்பிடிக் கட்டிக்கிட்டுப் போன புள்ளைங்களுக்கு நம்ம பக்கம் நடக்கறது உங்களுக்கும் காதுல உழுந்திருக்கும்.

அன்னையிலருந்து நானு அவரப் பாக்க ஆரம்பிச்சேன். அந்த ராபின் எட்டரைக்கு வண்டி எடுப்பான். அந்த நேரத்துக்கு இவரு எந்திரிக்கறாரான்னு தோசக்கல்லுகிட்ட நின்னுட்டே பாப்பேன். பேப்பரு படிச்சுட்டு இருப்பாரு, தலையத் தூக்க மாட்டாரு. குளிக்கப் போறப்ப போன எடுத்து, சதீஷு நம்பர் வந்திருக்குதா, தெரியாத நம்பர் ஏதாச்சும் இருக்குதான்னு பாப்பேன். ஒன்னும் இருக்காது. இருந்தாலும் நம்பறதுக்கு மனசு வல்ல. முப்பது வருசம் கூடப் படுத்து எந்திரிச்ச ஆளு மேல அப்பிடி ஒரு சந்தேகம் வந்துட்டா, சோறு போடறப்பக்கூட அவரு கையத்தான் பாக்கத் தோணுது.

பதினஞ்சு நாளு போச்சுங்க. ஒரு நாளு நாலு மணிக்கு வழக்கம்போல நிக்கறாரு. நான் கதவோரமா நிக்கறேன், அவருக்குத் தெரியாது. அந்தக் கொழந்த இப்பத்தான் நடை பழகுது. வராண்டாப் படியில காலு தவறி முன்னால உழுந்துருச்சு போல. எனக்குத் தெரியல, அவருக்குத்தான் தெரிஞ்சுது. அய்யோ சாமின்னு, புடிக்கப் போறாப்ல ரண்டு கையயும் நீட்டிட்டாரு. பட்டையெல்லாம் மடங்கி, கை போயிக் கண்ணாடியில அடிச்சுது. அப்பிடியே கண்ணாடியில கைய வெச்சுட்டு, அவ வந்து கொழந்தையத் தூக்கற வரைக்கும் நின்னாரு. அப்பறம் மடங்குன பட்டைய ஒவ்வொன்னா வெரல்ல நீவி நீவி நேராக்குனாரு. இந்த ரண்டுதான் நிமுரல. நான் சத்தமில்லாம அடுப்படிக்குப் போயிட்டேன். இன்னமும் அவரு என்கிட்டச் சொல்லல, நானும் கேட்டுக்கல.

இப்பச் சொல்லுங்க. மறைப்பு எதுக்குன்னு எம் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னா? எதுத்த மாடியில ஆரோ நின்னு பாக்கறாங்கன்னு தானுங்களே? நெனச்சேன். கண்ணாடியில அடிச்ச சத்தத்துல நிமுந்து பாத்திருப்பா. இங்க இருக்கறது ஆருன்னு தெரியுமா அவளுக்கு? தெரியலீங்களா. ஊட்டயே மாத்திரலாம்னு அந்தப் பையன் சொன்னானா. பாவம், அவனும் பயந்திருப்பான்.

நாளைக்கே மாட்டறீங்களா.

மாட்டுங்க. உண்மையச் சொன்னா, நாலு நாளு தள்ளிப் போடுங்கன்னு கேக்கறதுக்குத்தான் கூப்புட்டேன். மறைப்பு வந்துட்டா இவரு நாலு மணிக்கு எங்க போயி நிப்பாரு? ஆனா பயந்துட்டு இருக்கறவகிட்ட ஜன்னல மறைக்காதன்னு எப்பிடிச் சொல்றது. மாட்டுங்க, நல்லாவே மாட்டுங்க. மேல இருக்கறவங்க கெடுதல் நெனைக்கற ஆளுக இல்லன்னு மட்டும் எப்பிடியாச்சும் சொல்லீருங்க.

இன்னொன்னு. அங்க கயிறு கீழ தொங்கப்படாதுங்க தம்பி. நடக்கற கொழந்த, கழுத்துல சுத்திக்கும். ஒசரத்துல கொக்கி அடிச்சு அதுல சுத்திக் கட்டீருங்க. சேரு, கட்டலு எதையும் ஜன்னலுக்குக் கிட்டப் போட வேண்டாம்னு சொல்லுங்க. ஏறிப்போடும்.

நானே போயிச் சொல்றதுக்கென்னங்கறீங்களா. ஒரு தெரு அகலந்தான் தூரம். இவரு தடுப்பாருன்னும் இப்ப எனக்குப் பயமில்ல.

கொழந்த பொறந்த அன்னைக்கு ஒரு போன் வந்துச்சுங்க. புது நம்பரு. அம்மா, பொண்ணு பொறந்திருக்குதுன்னா. பின்னால கொழந்த அழுகற சத்தம் கேட்டுச்சு. இவரு அன்னைக்கு ஊர்லயே இல்ல, பம்பாய் போயிருந்தாரு. ஊட்டுல ஆரும் இல்ல. வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல. ராங் நம்பர்னு சொல்லி வெச்சுட்டேன்.

அதனால, கயித்த ஒசரமாக் கட்டச் சொன்னது ஆருன்னு கேட்டா, அம்மான்னு சொல்லீராதீங்க தம்பி. ராங் நம்பர்னு சொன்னாங்களே, அவங்கன்னு சொல்லுங்க. அவளுக்குத் தெரியும்.