குப்பாண்டி இடுப்புக் கயிறு

ரொம்ப காலத்துக்கு முன்னால, நம்ம ஆளுங்க கப்பலேறி இந்தக் கரும்புத் தீவுக்கு வந்த புதுசுல, மலையடித் தோட்டத்துல மாதன்னு ஒருத்தர் இருந்தாராம். என் பாட்டனுக்குப் பாட்டன். ஊர்ல மலைத்தேன் எடுத்தவரு, இங்க கரும்பு வெட்டினாரு. உட்காரவே தெரியாத மனுசன். சோத்தைக்கூட நின்னுக்கிட்டேதான் தின்பாராம்.

தோட்டத்துக்கு மேல அவிஞ்ச எரிமலை இருக்கே, அந்தக் குழிக்குள்ள இறங்கிப் பாக்கணும்னு நாலு துரைங்க வந்தாங்க. அளவெடுக்கிற பெட்டி இருக்கு, நடறதுக்குக் கொடி இருக்கு, முதல்ல இறங்கத்தான் ஆள் இல்லை. "அடியைப் பாத்துட்டு வர்றவனோட கூலி ஒப்பந்தத்தைக் கிழிச்சுடறேன், அவன் குடும்பத்துக்கும் சேர்த்து"ன்னாராம் தோட்டத்துத் துரை.

மாதன் பொண்டாட்டி வீராயிக்கு அப்போ அஞ்சு மாசம். பிள்ளை கூலியாப் பொறக்கக் கூடாதுன்னு இவருக்கு ஒரே தவிப்பு. "நான் இறங்கறேன் துரை. ஆனா கயிறை என் மச்சான்தான் பிடிக்கணும்."

அது தேன் எடுக்கிறவங்க வழக்கம். பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான். அவன் விட்டா அவன் தங்கச்சி தாலியில்ல அறும்?

வழக்கம் சரிதான், மச்சான் யாரு? குப்பாண்டி. "காட்டுப் பயலுக்கா என் தங்கச்சி"ன்னு மூணு வருசமா மூஞ்சி கொடுத்துப் பேசாதவன்.

வீராயி ஓடினா. "அண்ணே, வா." அவன் அரிவாள் தீட்டிக்கிட்டே இருந்தானாம். "அண்ணே, நீ வரலைன்னா என் பிள்ளையும் இந்தக் கரும்புக்குள்ளதான்." அரிவாளை வச்சுட்டு எழுந்தான்.

குழி ஓரத்துப் பாறையில கயிறை ஒரு சுத்து சுத்தி, குப்பாண்டி பிடிச்சான். மாதன் இறங்கினாரு, இறங்கினாரு, இறங்கிக்கிட்டே இருந்தாராம். வெயில் உச்சிக்கு வந்துச்சு, சாஞ்சும் போச்சு. வீராயி நிக்கிறா, நடக்கிறா, திரும்ப வந்து எட்டிப் பாக்கிறா. கீழேருந்து மாதன் கயிறை ரெண்டு சுண்டு சுண்டினா மேல வர்றாருன்னு அர்த்தம். ஒருவழியா சுண்டினாரு. பாதி ஏறி வரும்போது அவரு கால் வச்ச கல்லு பேந்துடுச்சு.

கயிறு சர்ருனு ஓடி உள்ளங்கையை உரிச்சுச்சு. குப்பாண்டி கை விட்டுடுச்சு. ஆமா, விட்டுடுச்சு. ரெண்டு கையும் வெறுங்கையா விரிஞ்சு நின்னதை வீராயி கண்ணால பாத்தா. "பாவி, பழி தீத்துட்டியே"ன்னு கதறினா.

ஆனா கயிறு நின்னுபோச்சு. குப்பாண்டியை இழுத்துட்டுப் போயி அந்தப் பாறையில மோதி நிறுத்திடுச்சு. பாத்தா, துண்டுக்கு அடியில கயிறு முனையை இடுப்புல முடிஞ்சு வச்சிருக்கான். எல்லாருமா ஓடிப்போய் இழுத்தாங்க.

மேல வந்த மாதன் கேட்டாராம்: "இடுப்புல ஏன் கட்டுனே மச்சான்?"

"உன் மேல கோபம் இன்னும் போகலை. என் கையை நானே நம்பலை."

அடியில என்ன இருந்துச்சாம்? சாம்பலும் நாலு செடியும். துரை சொன்னபடி கிழிச்சாரு. பிள்ளை கூலியாப் பொறக்கலை.

அந்தப் பாறைதான் மச்சான் பாறை. இன்னிக்கும் நம்ம வீட்டுக் கல்யாணத்துல, தாலி கட்டுறதுக்கு முன்னால பொண்ணோட அண்ணன் இடுப்புல கயிறு கட்டி, மறுமுனையை மாப்பிள்ளை கையில கொடுக்கிறோம். பேச்சுவார்த்தை இல்லாத மச்சான்னா, ரெண்டு முடிச்சு.