சிவப்புக் கோடு போட்ட வண்டி

— அப்ப அந்தச் சிவப்புக் கோட்டுக்குத்தான் கூட அறுபதாயிரமாம்மா?

— கோடு மட்டும் இல்ல மேடம். ஸ்பெஷல் எடிஷன்னா கருப்புக் கலர், கருப்பு அலாய் வீல், கதவைத் திறந்தா கீழ வண்டி பேரு வெளிச்சமா எரியும். முன்னாடி ரெண்டு சீட்டுலயும் முதுகுக்குக் காத்து வரும்.

— முதுகுக்குக் காத்து பஸ் ஜன்னல்ல ஓசியிலயே வருது. பதினோரு வருசமா வாங்கிட்டு இருக்கேன். கரண்டு வண்டிக்குப் பேட்டரிதான முக்கியம், அது எப்படி?

— உண்மையச் சொல்லணும்னா மேடம், ஸ்டாண்டர்டுக்கும் ஸ்பெஷலுக்கும் ஒரே பேட்டரிதான். மோட்டாரும் ஒண்ணுதான்.

— கேட்டுக்கிட்டீங்களா? ஒரே பேட்டரி, ஒரே மோட்டாரு. கணக்கு முடிஞ்சது. வெள்ளைக் கலர், ஸ்டாண்டர்ட். எழுதிக்கம்மா ஸ்ரீலட்சுமி.

— இரு ரோகிணி, இரு. இது உன் எட்டாங்கிளாஸ் கணக்கு இல்ல, விடை வந்ததும் அடியில கோடு போட்டு முடிக்க. நாலு பேரு பாக்குற வண்டி. பாப்பா, நீயே சொல்லு. இந்த வெள்ளை வண்டி எங்க ஊரு முக்குல நின்னா எவனாச்சும் திரும்பிப் பாப்பானா? பால் வண்டின்னு சொம்ப நீட்டுவாய்ங்க.

— எந்த ஊரு சார்?

— சோழவந்தான். வெத்தலைக் கடை ஜெயபாண்டின்னு கேட்டுப் பாரு, சின்னப்புள்ள கூடச் சொல்லும்.

— சரிங்க சார். ரெண்டு வண்டியும் வெளிய நிக்குது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டீங்கன்னா நீங்களே முடிவு பண்ணிருவீங்க. இந்தாங்க சாவி.

— இல்ல பாப்பா, இன்னைக்கு வேணாம். கால்ல லேசா சுளுக்கு.

— சுளுக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அவருக்கு லைசென்ஸ் இல்ல.

— ஏய், அதை எதுக்கு இங்க சொல்ற?

— கேட்டா சொல்ல வேண்டியதுதான. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனோம்மா. நான் பாஸாயிட்டேன். சாரு ரிவர்ஸ் எடுத்தாரு. ரெண்டு குச்சியையும் சாய்ச்சிட்டு, அதிகாரி உக்காந்திருந்த நாற்காலி வரைக்கும் போனாரு. அந்த மனுசன் எழுதுற அட்டையைப் போட்டுட்டு வேப்ப மரத்துக்குப் பின்னாடி ஓடிட்டாரு.

— பிரேக்கு எது, மத்தது எதுன்னு ஒரு செகண்டு தடுமாறிருச்சு. அம்புட்டுத்தேன். நான் ஒண்ணு கேக்குறேன், அந்த நாற்காலிய அம்புட்டுப் பக்கத்துல போட்டது யாரு தப்பு?

— அப்ப ஓட்டப் போறது நீங்கதானா மேடம்?

— அதைத்தாம்மா நானும் ஆறு மாசமாக் கேட்டுட்டு இருக்கேன். எனக்கு மேலூர்ப் பக்கம் ஸ்கூலு. சோழவந்தான்ல ஒரு பஸ், மாட்டுத்தாவணிக்கு ஒரு பஸ், அங்க இருந்து மேலூருக்கு ஒரு பஸ். மூணு பஸ் மாறிப் போய், மூணு பஸ் மாறி வரணும். அதுக்காகத்தான் இந்த வண்டி.

— அதேன் வாங்க வந்துட்டோம்ல. இப்ப யாரு இல்லேன்னா?

— ஸ்கூட்டியும் எனக்குன்னுதான வாங்குனீங்க? முத வாரம் நான் ஓட்டுனேன். ரெண்டாவது வாரம், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பஸ்ல போயிரு டீச்சரம்மா, அவசரமா வெத்தலைக் கட்டு கொண்டுபோய்க் குடுக்கணும்னீங்க. அந்த அவசரம் ஆறு வருசமா முடியல. இப்பவும் சீட்டைத் தூக்குனா வெத்தலை வாசம்தான் அடிக்குது.

— ஸ்கூட்டி வேற, காரு வேற.

— ஒண்ணும் வேற இல்ல. மறு டெஸ்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன்னு சொல்றீங்க, அடுத்த தடவை நீங்களும் எப்படியாச்சும் பாஸாயிருவீங்க. அப்புறம் சாவி உங்க சட்டைப் பையில, நான் மாட்டுத்தாவணியில. கோடு போட்ட வண்டின்னா அது உங்க வண்டிங்க. வெள்ளை வண்டின்னா நீங்க எட்டிப் பாக்க மாட்டீங்க, அது எனக்கு மிஞ்சும். விஷயம் அம்புட்டுத்தான். ஸ்ரீலட்சுமி, எழுதும்மா.

— எழுதிட்டே இருக்கேன் மேடம். சார், உங்க போன் அடிக்குது.

— ஒரு நிமிசம். டேய் சுருளி, இப்ப பேச முடியாதுடா, ஷோரூம்ல இருக்கேன். என்னது, ஏறிருச்சா? எங்க, பஸ் ஸ்டாண்டு முக்குலயா? இருபதடியா? டேய், நான் பத்தடிதானடா சொன்னேன். சரி, சரி, வையி.

— என்ன ஏறிருச்சு?

— ஒண்ணுமில்ல. வெத்தலை லோடு.

— ஏங்க, நாப்பது புள்ளைக பொய் சொல்றதை தினமும் பாக்குறவ நான். நீங்க காதை நோண்டுறீங்க.

— பேனரு.

— என்ன பேனரு?

— நம்ம வண்டிக்கு வாழ்த்து பேனரு.

— சார், வண்டிய இன்னும் வாங்கவே இல்லையே.

— வாங்கத்தான பாப்பா வந்திருக்கோம். நல்ல நாள் பாத்து ஏத்துறதுன்னு முடிவாச்சு. பேனர் கடை காளை எந்த வண்டின்னு கேட்டான். நான் வாய் தவறிச் சிவப்புக் கோடு போட்டதுன்னுட்டேன். அவன் நெட்ல தேடி எடுத்துப் போட்டுட்டான். இப்ப இருபதடியில கருப்பு வண்டி முக்குல நிக்குது. நாளைக்கு நாம வெள்ளை வண்டியில போய் அதுக்குக் கீழ இறங்குனா, ஊரு என்ன பேசும்?

— பேனரு ஏத்துறதுக்கு முன்னாடி என்னையக் கேட்டீங்களா?

— கேட்டா வேணாம்ப.

— சார், ஸ்டாண்டர்டு எடுத்துட்டு வெளிய கடையில சிவப்புக் கோடு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம். நிறையப் பேரு அப்படித்தான் செய்றாங்க. நான் சொன்னேன்னு மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க.

— பாப்பா, டூப்ளிகேட் கோட்டோடயா என்னைய ஊருக்குள்ள போகச் சொல்ற?

— அவரை விடும்மா. ஊரு பேசுனா பேசட்டும். சுருளி போட்டோ அனுப்பிருப்பான்ல, காட்டுங்க.

— வீட்ல போய்ப் பாப்போம்.

— கூலிங் கிளாஸ் போட்டு நிக்கிறீங்களா?

— இல்ல.

— அப்ப கைகூப்பிக் கும்பிட்டுட்டு?

— இல்லங்கறேன்ல.

— காதுல போனை வச்சுக்கிட்டு வெள்ளை வேட்டியில நடந்து வர்ற மாதிரி. அதேதான். குடுங்க போனை.

— ரோகிணி, கையப் பிடிச்சு இழுக்காத, பாப்பா பாக்குது. சரி, இந்தா. பாத்துத் தொலை.

— மேடம், என்னாச்சு? போனைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்குறீங்க. நான் பாக்கலாமா? அட, இது நீங்க. கருப்பு வண்டிய விடப் பெருசா நீங்கதான் இருக்கீங்க. “பதினோரு வருடம், மூன்று பஸ்! இன்று முதல் ஒரே ஸ்டியரிங்! சொந்தக் காரைத் தானே ஓட்டி மேலூர் புறப்படும் எங்கள் கணக்கு டீச்சர் ரோகிணி அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்!”

— இந்தப் போட்டோ ஏதுங்க?

— லைசென்ஸுக்கு எடுத்தியே, அது. இருபதடிக்கு இழுத்ததுல மூக்கு கொஞ்சம் பரந்துருச்சு. நான் காளையத் திட்டிட்டேன்.

— நீங்க எங்க இருக்கீங்க? உங்களக் காணோமே.

— கீழ் வரிசையில பாரு. ஸ்டாம்பு சைஸுல மூணு பேரு இருப்போம்.

— எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, எழுத்துத் தெரியல. நீயே படிம்மா.

— “இவண்: சுருளி, காளை, பக்கத்து சீட்டு ஜெயபாண்டி.”

— பக்கத்து சீட்டுன்னு போடச் சொன்னது யாரு?

— நாந்தேன். எனக்கு ஓட்ட வராது ரோகிணி. ஸ்டியரிங்கைத் தொட்டாலே பிரேக்கு எதுன்னு மறந்துருது. மறு டெஸ்டுக்கு நான் எழுதிப் போடவே இல்ல, உங்கிட்டச் சும்மா சொல்லிட்டு இருந்தேன். ஸ்கூட்டியப் பிடுங்குனவன் காரையும் பிடுங்குவான்னு நீ நினைக்கிறது எனக்குத் தெரியாதா? எனக்கே எம்மேல நம்பிக்கை இல்ல. அதேன் முக்குல பேனரா ஏத்திட்டேன். ஊரு பூராம் படிச்ச பின்னாடி, நானே நினைச்சாலும் உங்கிட்ட சாவியக் கேக்க முடியாதுல்ல.

— இதை முன்னாடியே வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதான?

— வெக்கமா இருந்துச்சு. கோடு போட்ட வண்டி கேட்டதும் அதுக்குத்தேன். பத்துத் தெரு தள்ளி வர்றப்பவே டீச்சர் வண்டி வருதுன்னு தெரியணும். பரவால்ல, உனக்கு வெள்ளைதான் பிடிக்கும்னா வெள்ளையே எடு. பேனரை இறக்கச் சொல்லிருவோம்.

— மேடம், நீங்க சொன்ன மாதிரியே வெள்ளை ஸ்டாண்டர்டுன்னு எழுதிட்டேன். இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா போதும்.

— அதை அடிச்சிரும்மா ஸ்ரீலட்சுமி. கருப்பே எழுது. பக்கத்து சீட்டுலயும் காத்து வரும்னேல்ல, இந்த மனுசனுக்கு முதுகு ரொம்ப வேர்க்கும்.