அப்பா நடித்த காட்சி மட்டும் திறக்கவில்லை

மகள்: ...சத்தம் கேக்குதுல்ல, அப்புறம் எப்படி ஃபைல் கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க?

மாப்பிள்ளை: கெட்டுப்போச்சுன்னு சொல்லலை. கெட்டுப்போயிருக்கலாம்னு சொன்னேன்.

மகள்: சத்தம் வருது, படம் மட்டும் ஒரே கறுப்பு. உங்க ஆபீஸ்ல வெட்டிக் கொண்டுவந்த மத்த காட்சியெல்லாம் என் கம்ப்யூட்டர்ல பட்டுப் பட்டுன்னு தொறந்துச்சு. இது ஒண்ணுக்கு மட்டும் என்ன கேடு?

அப்பா: எந்தக் காட்சி பாப்பா?

மாப்பிள்ளை: அது வந்து மாமா... நீங்க நடிச்சதுதான்.

அப்பா: ஓ.

மகள்: கவலைப்படாதீங்கப்பா. தொறந்துடலாம்.

அப்பா: நான் எங்க கவலைப்பட்டேன். வரலைன்னா விட்டுடுங்க. படம் பெரிசா, நான் பெரிசா?

மாப்பிள்ளை: அப்படிச் சொல்லாதீங்க மாமா. ஒரு மாசம் வீட்டையே குடுத்தீங்க. சமையல்கட்டுல லைட்டு, கட்டில் மேல கேமரா, ஒரு நாள்கூட முகம் சுளிக்கலை நீங்க. உங்க காட்சி இல்லாம என் முதல் படத்தைத் தியேட்டர்ல போடுவேனா?

அப்பா: தியேட்டர்காரங்களுக்கு எப்ப குடுக்கணும்?

மகள்: சாயங்காலம் ஆள் வருவார், கையில குடுத்துடணும். நாளைக்குக் காலையில காட்சி.

அப்பா: அப்ப நேரமே இல்லையே. விட்டுடு.

மகள்: நேரம் இருக்கு. நீங்க உக்காருங்க.

மாப்பிள்ளை: நான்கூட ஃபைல் பேரோட வாலை மாத்திப் பாத்தேன். மூணு எழுத்து இருக்குமே கடைசியில...

மகள்: வாலை மாத்தினா? கழுதைக்குக் குதிரைன்னு பேர் வெச்சா பந்தயத்துல ஓடுமா?

மாப்பிள்ளை: அவசரத்துல செஞ்சேன்.

மகள்: படம் எடுக்கத் தெரியுது, இது தெரியலை.

அப்பா: எனக்குப் புரியற மாதிரி சொல்லு. கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தானே? அங்க ஓடறது இங்க ஏன் ஓடாது?

மகள்: படத்தை அப்படியே வெச்சா இடம் பத்தாதுப்பா. அதனால மடிச்சு, சுருக்கி, ஒரு டப்பாவுல போட்டு வெப்பாங்க. டப்பாவை என் மெஷின் தொறந்துடுது. உள்ள மடிச்சு வெச்சிருக்கற விதம்தான் இதுக்குப் பிரிக்கத் தெரியலை. அவங்க எடிட்டிங் மெஷின் ஒரு ஜாதி, என்னது வேற ஜாதி.

அப்பா: கோடெக்குன்னு சொல்வாங்களே, அதுவா?

மாப்பிள்ளை: மாமா?

அப்பா: பேப்பர்ல போட்டிருந்தான்.

மகள்: எந்தப் பேப்பர்லப்பா இதெல்லாம் போடறான்?

அப்பா: ஏதோ ஒரு பேப்பர். நான் போய் காபி போடறேன். நீங்க ரெண்டு பேரும் ரொம்ப மண்டையை உடைச்சுக்காதீங்க.

மகள்: ...போயிட்டாரா?

மாப்பிள்ளை: போயிட்டார்.

மகள்: டேய், உண்மையைச் சொல்லு. ஆபீஸுக்குப் போன் பண்ணினியா?

மாப்பிள்ளை: மெதுவாப் பேசு. பண்ணினேன். சவுண்டு பாக்கற அம்மாதான் இதை எக்ஸ்போர்ட் பண்ணிக் குடுத்தாங்க. கேட்டா, "எனக்குச் சொன்ன மாதிரி செஞ்சேன் தம்பி"ன்னு சிரிச்சுட்டு வெச்சுட்டாங்க.

மகள்: யாரு சொன்னாங்களாம்?

மாப்பிள்ளை: நான் சொல்லலை. சத்தியமா.

மகள்: நீ சொல்லியிருந்தாக்கூட நல்லாத்தான் இருந்திருக்கும்.

மாப்பிள்ளை: என்ன சொன்ன?

மகள்: ஒண்ணுமில்லை.

மாப்பிள்ளை: இல்லை, இப்ப என்னமோ சொன்ன.

மகள்: அந்தக் காட்சி உனக்குப் பிடிச்சிருக்கா?

மாப்பிள்ளை: உங்கப்பா அவ்வளவு சிரமப்பட்டு...

மகள்: நான் அதைக் கேக்கலை. சொல்லுடா.

மாப்பிள்ளை: வாடகைக்கு இருக்கறவனைப் பாத்து "வீட்டைக் காலி பண்ணு"ன்னு கத்தணும். உங்கப்பா "சாப்பிட்டியா"ன்னு கேக்கற மாதிரி சொல்றார். சொல்லிட்டு, சரியாச் சொன்னேனான்னு கேமராவைப் பாத்து வேற கேக்கறார்.

மகள்: ஆயுசு பூரா பஸ் கண்டக்டர்டா அவர். டிக்கெட் எடுக்காதவனைக்கூட நடுவழியில இறக்கிவிட்டதில்லை. அவரைப் போய் ஒரு குடும்பத்தை வெளியே தள்ளுன்னா எப்படி?

மாப்பிள்ளை: அது வரைக்கும் பதறிப்போய் பாத்துட்டிருக்கற ஜனம், அந்த இடத்துல சிரிச்சுடும். அப்புறம் அந்தக் குடும்பம் மூட்டை முடிச்சோட தெருவுல நின்னா யாருக்கு வலிக்கும்? படமே கவுந்துடும்.

மகள்: இவ்வளவு தெரிஞ்சும் ஏன்டா வாயைத் தொறக்கலை?

மாப்பிள்ளை: உங்கப்பாவாச்சேடி. நீ ஏன் தொறக்கலை?

மகள்: உன் படமாச்சே. நீ பெருமையா வெச்சிருக்கேன்னு நினைச்சேன்.

மாப்பிள்ளை: பெருமையா? காலையில கறுப்பாத் தெரிஞ்சதும் என் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

மகள்: எனக்குக் காலையிலயே தெரியும், இதை எப்படித் தொறக்கறதுன்னு.

மாப்பிள்ளை: என்னது?

மகள்: கன்வர்ட் பண்ற சாப்ட்வேர் என்கிட்டயே இருக்கு. போட்டுவிட்டா கொஞ்ச நேரத்துல மாத்திக் குடுத்துடும். நான்தான் போடலை.

மாப்பிள்ளை: அடிப்பாவி. அப்ப போடவே போடாதே. எங்களால முடியலை மாமான்னு சொல்லிடலாம். பழி மெஷின் மேல போகட்டும், அதுக்கென்ன ரோஷமா வரப்போகுது?

மகள்: இல்லைடா. "படம் பெரிசா, நான் பெரிசா"ன்னாரே, பாத்தியா? பெருந்தன்மையாச் சொல்றார், உள்ளுக்குள்ள எவ்வளவு வலிச்சுதோ. அவர்கிட்டப் பொய் சொல்லிட்டு, நாளைக்குத் தியேட்டர்ல அவர் பக்கத்து சீட்டுல என்னால உக்கார முடியாது. தொறக்கறேன். அவர் ஒரு தடவை பாக்கட்டும். அப்புறம் நானே சொல்றேன்.

மாப்பிள்ளை: என்னன்னு சொல்லுவே?

மகள்: தெரியலை. நீ கொஞ்சம் பேசாம இரு... போட்டுட்டேன். ஓடுது பாரு.

மாப்பிள்ளை: மெதுவா ஓடக்கூடாதா இது. நமக்கு அவசரம்னா மட்டும் நத்தை மாதிரி ஊரும்.

அப்பா: காபி... சர்க்கரை பத்தலைன்னா சொல்லுங்க மாப்ள.

மாப்பிள்ளை: அது... தொறந்துடுச்சு மாமா.

அப்பா: தொறந்துடுச்சா?

மகள்: ஏம்பா காபியைக் கொட்டறீங்க? டம்ளரைக் கீழ வைங்க முதல்ல.

அப்பா: சூடு. வேறொண்ணுமில்லை... எப்படித் தொறந்துச்சு? தொறக்காதுன்னு... நேரமாகும்னுல்ல நினைச்சேன்.

மகள்: இருந்த மடிப்பைப் பிரிச்சு, என் மெஷினுக்குத் தெரிஞ்ச மடிப்பா மறுபடி மடிச்சாச்சு, அவ்வளவுதான். பாருங்க.

மாப்பிள்ளை: இரு இரு. உதடு முன்னாடி போகுது, பேச்சு பின்னாடி வருது.

மகள்: ஆமா. ஒரு செகண்டுக்கு இத்தனை படம்னு அங்க ஒரு கணக்கு, இங்க ஒரு கணக்கு. விட்டா போகப்போக இன்னும் தள்ளிப்போகும்.

அப்பா: பரவாயில்லையே. யோசிச்சுப் பேசற ஆள் மாதிரி தெரியறேன்.

மாப்பிள்ளை: மாமா...

அப்பா: நிஜமாத்தான் சொல்றேன். இப்படியே இருக்கட்டும், இதுவே கொஞ்சம் தேவலை.

மகள்: சும்மா இருங்கப்பா. ரெண்டு கணக்கையும் ஒண்ணாக்கணும்... இதோ. இன்னொரு தடவை ஓடட்டும்... ஆச்சு. இப்ப பாருங்க.

திரையில் அப்பா: தம்பி... வீட்டைக் காலி பண்ணிடு... நாளைக்கே... முடிஞ்சா.

அப்பா: "முடிஞ்சா"ங்கறது நீங்க எழுதினதா மாப்ள?

மாப்பிள்ளை: இல்லை மாமா. அது நீங்களாச் சேத்தது.

அப்பா: அதானே.

மகள்: அப்பா, ஒண்ணு சொன்னா மனசு கஷ்டப்பட மாட்டீங்களே?

அப்பா: சொல்லு.

மகள்: இது படத்துல வேண்டாம்ப்பா. நல்லா இல்லை. உங்களுக்குக் கோவப்படத் தெரியலை.

மாப்பிள்ளை: தப்பு என்னோடது மாமா. உங்ககிட்ட அந்த வேஷத்தைக் குடுத்திருக்கவே கூடாது. நீங்க எவ்வளவு ஆசையா...

அப்பா: அப்பாடா.

மகள்: என்னப்பா?

அப்பா: அப்பாடான்னேன். கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன், இரு.

மாப்பிள்ளை: மாமா, கோவமில்லையே?

அப்பா: கோவமா? எடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும் மாப்ள, விளங்கலைன்னு. நாளைக்கு என்கூட வேலை பாத்தவன் பூராவும் தியேட்டருக்கு வர்றான். அதுல ஒரு டிரைவர் இருக்கான், நான் விசில் ஊதினதையே இன்னிக்கு வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறவன். இதைப் பாத்தா சாகற வரைக்கும் விடமாட்டான். எனக்குச் சோறே இறங்கலை.

மகள்: இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா. அப்ப எதுக்கு நடிக்க ஒத்துக்கிட்டீங்க?

அப்பா: வீட்டு மாப்பிள்ளை வாய் விட்டுக் கேட்டா, மாட்டேன்னு சொல்றதா?

மாப்பிள்ளை: நான் இவ சந்தோஷப்படுவாளேன்னு கேட்டேன் மாமா.

மகள்: நான் எப்படா கேட்டேன்? நீ வந்து... நீங்க வந்து, "உங்கப்பாவுக்கு ஆசை போல"ன்னு சொன்னீங்க.

அப்பா: 'டா'ன்னே கூப்பிடு பாப்பா. கல்யாணமான மறுநாளே என் காதுல விழுந்தாச்சு. உங்கம்மாவும் அப்படித்தான், எங்கப்பா எதிர்ல மட்டும் "ஏங்க".

மாப்பிள்ளை: போச்சு.

மகள்: அந்தக் காட்சி போனா கதை புரியுமாடா?

மாப்பிள்ளை: நல்லாவே புரியும். அந்தக் குடும்பம் திரும்பி வருது, கதவு பூட்டியிருக்கு. பூட்டைப் பாத்தாப் போதும், யாரும் கத்த வேண்டாம். பூட்டற ஷாட் எடுத்து வெச்சிருக்கோம்.

மகள்: அது அப்பாவோட கைதானே?

மாப்பிள்ளை: ஆமா. கை மட்டும் தெரியும்.

அப்பா: என் கை நல்லா நடிச்சிருக்கா?

மகள்: இருங்க, அந்த இடத்துல வெச்சுக் காட்டறேன்... பாருங்க.

மகள்: அய்யோ. கத்தறதைவிட இதுதான் வலிக்குதுப்பா.

மாப்பிள்ளை: இதான். இதுக்கு மேல ஒரு ஃப்ரேம் தொடாதே. அப்படியே எக்ஸ்போர்ட் போடு, ஆள் வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்.

மகள்: தியேட்டர் மெஷினுக்குத் தெரிஞ்ச கோடெக்ல போடறேன், பயப்படாதே. நாளைக்கு அங்கயும் கறுப்பாத் தெரிஞ்சா நான் பொறுப்பு.

அப்பா: நான் இன்னொரு காபி குடிக்கப் போறேன். காலையிலேர்ந்து இப்பதான் நாக்குல ருசி தெரியுது.

மாப்பிள்ளை: எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. ஒண்ணு மட்டும்தான் எனக்கு இன்னும் விளங்கலை. மத்த ஃபைல் எல்லாம் வழக்கம்போல வந்திருக்கு, இதை மட்டும் அந்த அம்மா ஏன் வேற மாதிரி மடிச்சாங்க? சொன்ன மாதிரி செஞ்சேன்னாங்களே... யார் சொன்னா?

மகள்: நீ சொல்லலை. நான் சொல்லலை... அப்பா, எங்க எழுந்துட்டீங்க?

அப்பா: டம்ளரைக் கழுவிட்டு வர்றேன்.

மகள்: அப்பா.

அப்பா: ...உங்க எடிட்டிங் ரூமைப் பாக்கணும்னு போன வாரம் வந்தேனில்ல மாப்ள, நீங்க டீ சொல்லப் போன நேரத்துல அந்த அம்மாகிட்ட நான்தான் சொன்னேன். "இதை அழிச்சுடாதீங்க, மாப்பிள்ளை மனசு நோகும்; என் பொண்ணு கம்ப்யூட்டர்ல மட்டும் தொறக்காத மாதிரி பண்ணிக் குடுங்க"ன்னு. உன் கம்ப்யூட்டர்ல யாராலயும் தொறக்க முடியாதுன்னு அவங்க அடிச்சுச் சொன்னாங்க பாப்பா, உன்னைப் பத்தி அவங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை.