மேகம் இழுத்துக்கொண்ட மத்தியானம்

வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து மின்கம்பத்தில் முட்டிக்கொள்கிற ஆள் நான். நெற்றியில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். பறக்கும்போது விழுந்ததில் வந்தது என்று குறிப்பில் எழுதிவிடாதீர்கள். பறந்த காலத்தில் எனக்கு ஒரு கீறல்கூடப் பட்டதில்லை.

விபத்தை விசாரிக்க வந்திருக்கிறீர்கள், ஆனால் ஹேங் கிளைடரைக் கிட்டத்தில் பார்ப்பதே இப்போதுதான் என்றீர்கள். பெரிய வித்தை இல்லை. முக்கோணமாக ஒரு துணி இறக்கை. அதன் அடியில் வாரில் குப்புறத் தொங்க வேண்டும், கையில் ஒரு கம்பி, அதை இழுத்தால் வேகமாகக் கீழே இறங்கும். குன்றின் விளிம்பு வரை ஓடினால் போதும், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். முதல் தடவை போகிறவர்களின் கால், தரை முடிந்தது தெரியாமல் ஆகாயத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், இது சிரிக்கிற அறை இல்லை என்று தெரியும்.

எனக்கு அந்தக் கொடுப்பினை பாதியில் போய்விட்டது. உட்காதில் ஏதோ கோளாறு. ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றினாலே அறை என்னைச் சுற்றி வரும். இனி பறக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன். பயிற்சிப் பள்ளியில் என்னைத் தரையில் நிறுத்தி, கையில் வாக்கி டாக்கியைக் கொடுத்து, புதுசுகளுக்கு வானிலைப் பாடம் எடுக்கச் சொன்னார்கள்.

என் பாடம் பள்ளியில் பிரசித்தம். இடி மின்னலுக்குப் பயப்படாதீர்கள், அன்றைக்கு எவனும் பறக்கப் போவதில்லை, அதனால் எவனும் சாகப்போவதும் இல்லை என்று ஆரம்பிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஆபத்து அழகான நாளில்தான் வரும். மத்தியானம் அடி தட்டையாக, வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் நிற்கும். அதன் கீழே போனால் காற்று மெல்லத் தூக்கும். கைக்கு வேலையே இருக்காது. புதுசாகப் பறக்கிறவன் தனக்கு வித்தை கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான். தூக்குவது மேகம். அதன் அடிப்பக்கம் கறுக்க ஆரம்பித்தால் அது இழுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கே ஜிவ்வென்று இருக்கும்.

என் தங்கை கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனபின், கேஸை மூடினோமா என்று திரும்பி வருகிற ரகம். நான் நச்சரித்து நச்சரித்துத்தான் பறக்க வந்தாள். நன்றாகவே கற்றுக்கொண்டாள், குறை சொல்ல மாட்டேன். குறை வேறு இடத்தில் இருந்தது. இறங்கி வந்ததும் ஓடிப்போய், மேலே எப்படி இருந்தது என்று கேட்பேன். "நல்லா இருந்துச்சுக்கா. கொஞ்சம் குளிரா இருந்துச்சு" என்பாள். ஐஸ்கிரீம் சாப்பிட்டவள்கூட இதைவிட அதிகமாகச் சொல்வாள். எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆகாயம் அவள் வாயில்தான் இருந்தது, அந்த வாய் திறக்கவே மாட்டேன் என்றது.

அன்றைக்குக் குன்றின் மேல் வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு மட்டும் போறேன்க்கா. இதோட போதும். இனிமே என்னைக் கூப்பிடாதே" என்றாள். கோபமாக இல்லை, பிரியமாகத்தான் சொன்னாள். கடைசித் தடவையும் கொஞ்சம் குளிராக இருந்துச்சு என்று முடிந்துவிட்டால் என்ன செய்வது?

மேலே பார்த்தேன். அந்த வருஷத்திலேயே நேர்த்தியான மேகம், காலிஃபிளவர் மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது. மற்ற மாணவர்கள் எல்லோரையும் ஏற்கெனவே நான்தான் கண்டித்து இறக்கிவிட்டிருந்தேன். பொறுப்பில்லாதவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

புதுசுகளின் வாக்கி டாக்கிக் கருவியில் நாங்கள் பேசுவது மட்டும்தான் கேட்கும், அவர்கள் பேச முடியாது. பட்டனைத் தேடிக் கம்பியை விட்டுவிடுவார்கள் என்று அப்படி ஒரு ஏற்பாடு. அன்றைக்கு நான் அவள் ஹெல்மெட்டில் என்னுடைய பழைய கருவியை மாட்டினேன். வாயைத் திறந்தாலே எனக்குக் கேட்கும். கருவி பழுதாகிவிட்டது, அவள் என் பேச்சைக் கேட்காமல் மேகத்துக்குள் போய்விட்டாள் என்று நான் சொன்னதை உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். அதை அடித்துவிடுங்கள். என் பேச்சைத் தட்டுகிற பெண்ணே இல்லை அவள். வலது பக்கம் திரும்பு என்றேன், திரும்பினாள். இன்னும் கொஞ்சம் என்றேன், போனாள்.

மேகம் எடுத்த எடுப்பில் அவளைத் தூக்கியது. அவள் சிரித்தாள். கடை வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. நான் புல்தரையில் நின்றபடி சேர்ந்து சிரித்தேன். தலை கிறுகிறுத்தது, வழக்கமான கிறுகிறுப்பு இல்லை இது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு என் கால் தரையில் இல்லாத மாதிரி இருந்தது.

வெகுதூரத்தில் ஒரு வயலில் அவள் உடலைக் கண்டெடுத்தீர்கள். ஊரே வேர்த்து வழிந்துகொண்டிருந்த மத்தியானத்தில் அவள் கையுறைக்குள் ஐஸ் இருந்ததாம். உயரமானியில் பதிவாகியிருந்ததைப் பார்த்து நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நான் மனதுக்குள் கைதட்டினேன். எங்கள் பள்ளியில் யாரும் எட்டிப்பார்க்காத உயரம் அது.

கடைசியாக என்ன பேசினோம் என்று கேட்டீர்கள். மேகம் அவளை மூடியதும் சிரிப்பு நின்றது. "அக்கா, எப்படி இறங்கறது?" என்று கேட்டாள். பதில் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். கம்பியை வயிற்றோடு இழுத்துப் பிடி, வெளிச்சம் தெரிகிற பக்கம் பார்த்து ஓடு. அவ்வளவுதான். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் வெளியே வந்திருப்பாள்.

"சொல்றேன்டி. அங்க எப்படி இருக்குன்னு நீ முதல்ல சொல்லு" என்றேன்.

சொன்னாள். "எல்லாம் வெள்ளையா இருக்குக்கா. மேல எது கீழ எதுன்னு தெரியல. என் கையே எனக்குத் தெரியல. இறக்கை மேல யாரோ அரிசியை அள்ளி அள்ளிக் கொட்டற மாதிரி சத்தம் வருது. நான் ஏறிட்டே இருக்கேன். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒண்ணாத்தான் இருக்கு." நடுநடுவே, எப்படி இறங்குவது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அப்புறம் என்று கேட்டேன், ஒவ்வொரு தடவையும் சொன்னாள். என் தங்கைக்கு இவ்வளவு அழகாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. முழுசாகச் சொல்லி முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.